ஏரோப்ளேனை உடைக்கச் சொன்ன மகனுக்கு

என் மகனே,

இவ்விடம் அனைவரும் சுகம் என்று எழுதித்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்க வேண்டும் என்பார்கள். பொய் எழுத எனக்கு இன்றைக்கு மனசில்லை. இவ்விடம் சுகமில்லை. கெடுத்தது உன் தபால் கார்டு. ஒரு கவர் வாங்கி ஒட்டி அனுப்ப உனக்கு என்னடா கேடு வந்தது? பெற்ற தகப்பனை ஏசுகிற விஷயத்தைக் கார்டில் எழுதுகிறவன், ஊரெல்லாம் படிக்கட்டும் என்றுதானே எழுதுகிறான்? படித்தாயிற்று. காப்பி கிளப்பில் படித்தாயிற்று, சந்தை முனையில் படித்தாயிற்று, கடைசியாகத்தான் நம் வீட்டுக்கு வந்தது. தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "ஏம்மா, ஏரோப்ளேன ஒடச்சி வெறகுக்குப் போடப் போறீங்களாமே? பலக நல்லதா இருந்துதுன்னா எம் பொண்ணுக்கு ஒரு தொட்டில் அளவுக்கு எடுத்து வெய்ங்கம்மா, புண்ணியமாப் போவும்" என்றார். எனக்கு விஷயமே அப்போதுதான் தெரியும். மகன் தன் அப்பாவுக்கு எழுதியதைத் தபால்காரர் சொல்லித் தாய் தெரிந்துகொள்கிற வீடு இந்த ஓசூரில் நம் வீடு ஒன்றுதான் இருக்கும்.

பெண் வீட்டார் தை பிறந்ததும் வீடு பார்க்க வருகிறார்கள், பெண்ணின் தகப்பனார் பெங்களூரில் பெரிய உத்தியோகஸ்தர், அதற்குள் ஷெட்டில் கிடக்கிற அந்தக் கேவலத்தை உடைத்து அப்புறப்படுத்தவும் என்று எழுதியிருக்கிறாய். கேவலம்! அந்தச் சொல்லைப் பேனாவில் எழுத உனக்குக் கை வந்ததே. அதற்கும் கீழே ஒரு வரி. "புத்தியில்லாமல் அவசரப்பட்டுக் காலை ஒடித்துக்கொண்டது போதாதா?" உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் நின்று படித்தார். கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விந்தி விந்தி ஷெட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அரம் போடுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் ரம்பத்துக்குக் கூர் வைத்துக்கொண்டிருக்கிறார். இடது இறக்கையில், நான் தைத்த துணியின் மேல், கரிக்கட்டியால் ஒரு கோடு கிழித்திருந்தார். "என்னங்க இது?" என்றேன். "பையன் கேக்கறான். அவனுக்கு ஒரு நல்லது நடக்கப் போவுது. நம்மளால கெட வேணாம்" என்றார். நான் ரம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து கேழ்வரகுக் குதிரின் அடியில் போட்டுவிட்டேன். மூன்று நாளாக அவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. ஆனால் கரிக்கோடு அப்படியே இருக்கிறது. நான் துடைத்தால் அவர் மறுபடியும் போடுவார். உன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாத மனுஷன் அவர். அதனால்தான் நான் பேசுகிறேன்.

நீ இப்போது விமானம் செய்கிற தொழிற்சாலையில் மேஜை போட்டு உட்கார்ந்து படம் வரைகிறாய். சந்தோஷம். விமானம் என்ற சொல் உன் வாய்க்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளாவது யோசித்தாயா? மத்திகிரிப் பக்கம் பண்ணை வைத்திருந்த வெள்ளைக்காரர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது, தன் காரைப் பத்து வருஷம் ஓடவைத்த மெக்கானிக்குக்கு என்று உன் அப்பாவிடம் ஆறு மரப்பெட்டிகளைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஓட்டுகிற சின்ன விமானம், வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும்படி துண்டு துண்டாக இருந்தது. அறுத்த கட்டைகள், சக்கரம், கம்பிகள், சின்ன என்ஜின், ஒரு கட்டுப் படங்கள், ஓர் இங்கிலீஷ் புத்தகம். இறக்கைக்குப் போர்த்துகிற துணி மட்டும் கரையானுக்குப் போயிருந்தது. மற்றவர்களாக இருந்தால் பெட்டிப் பலகையில் கட்டில் செய்துவிட்டு என்ஜினைப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். உன் அப்பா பகலெல்லாம் பஸ்ஸுக்கு அடியில் படுத்து ஆயில் குடித்துவிட்டு வந்து, சாயங்காலம் கையைச் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டு, அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருவார். நாலு வருஷம். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். லீவுக்கு வந்தால் ஷெட் பக்கமே போகமாட்டாய். ஊர் நம்மை ஏரோப்ளேன் வீடு என்றது, பஸ்ஸில்கூட ஏரோப்ளேன் வீட்டு ஸ்டாப் என்றுதான் இறக்கிவிட்டார்கள். உனக்கு அவமானம். எனக்கும் முதல் வருஷம் அவமானமாகத்தான் இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

உதவிக்கு ஒரே ஆள், நம் தெருக்கோடி வெங்கடாச்சாரி. வண்டிச் சக்கரம் செய்கிறவர், தெலுங்குக்காரர். உன் அப்பா ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையாக அகராதியில் பார்த்துத் தமிழில் சொல்வார், ஆச்சாரி அதைத் தெலுங்கில் மென்று விழுங்குவார். இறக்கைக்குள் குறுக்கே வருகிற சட்டங்களுக்கு அகராதியில் விலா எலும்பு என்று போட்டிருந்தது. "பட்சிக்கு எலும்பு, சரி. கட்டைக்கு ஏது சாமி எலும்பு?" என்று ஆச்சாரி அரை நாள் வேலையை நிறுத்திவிட்டார். கடைசியில் அவருக்கும் எலும்பு என்றே வாய்க்கு வந்துவிட்டது. காடாத் துணி வாங்கிவந்து அந்த எலும்புகளின் மேல் போர்த்தித் தைத்தது நான். ரவிக்கை தைக்கிற கை, விரலிடைக்கு ஒரு முடிச்சு, மேலும் கீழும் ஊசியை விட்டு வாங்கி வாங்கித் தைத்தேன். தைத்த துணியின் மேல் டோப் என்று ஒன்றை மூன்று தடவை பூச வேண்டும் என்றது புத்தகம். அகராதியைப் புரட்டினால் டோப் என்றால் அபின், போதை மருந்து என்றிருக்கிறது! மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "ரெக்கைக்கு எதுக்குங்க அபினி?" என்று நான் கேட்க, "வெள்ளக்காரன் எத எதுக்குப் பூசுவான்னு யாரு கண்டா?" என்றார் உன் அப்பா. துணி விறைப்பாக நிற்கத்தானே பூசச் சொல்லியிருப்பான், கஞ்சி போட்டால் நிற்காதா என்று யோசனை சொன்னது நான்தான். ஒரு அண்டா கஞ்சி காய்ச்சி இரண்டு இறக்கைக்கும் பூசி வெயிலில் காயவைத்தோம். முரசு மாதிரி விறைத்து நின்றது. நான் பூரித்துப்போனேன். மத்தியானம் எழுந்து பார்த்தால் எதிர்வீட்டு மாடு வலது இறக்கையைப் பாதி நக்கி, ஒரு முழம் துணியைக் கிழித்துத் தின்றுகொண்டிருக்கிறது. சிரிக்கிறாயா? சிரி. நாங்களும் சிரித்தோம். இந்த வீட்டில் அவ்வளவு சிரித்தது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

அப்புறம்தான் பெங்களூரில் ஒரு பெயிண்ட் கடையில் விசாரித்து, அது ஒரு வகை வார்னிஷ் என்று தெரிந்து, உன் அப்பா ஒரு டின் வாங்கிக்கொண்டு வந்தார். அந்த நாளைப் பற்றி நான் இதுவரை உன்னிடம் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். தீபாவளி லீவுக்கு நீயும் அதே பஸ்ஸில் வந்தாய். டின் நாற்றம் உனக்கு ஆகாது என்று உன்னை முன்சீட்டில் உட்காரவைத்துவிட்டு, அவர் டின்னோடு கடைசி சீட்டுக்குப் போனார். அத்திப்பள்ளி தாண்டி ஜூஜுவாடியில் மதுவிலக்குப் போலீஸ் ஏறியது. மைசூர் ராஜ்யத்திலிருந்து எல்லை தாண்டிச் சாராயம் கடத்துகிறவர்களைப் பிடிக்கிற இடம், அந்த டின்னோ ஸ்பிரிட் நாற்றம் நாறுகிறது. அவர்கள் விடுவார்களா? "இன்னாய்யா இது?" "ரெக்கைக்குப் பூசற மருந்துங்க." "எந்த ரெக்கைக்கு?" "ஏரோப்ளேன் ரெக்கைக்குங்க." பஸ்ஸே கொல்லென்று சிரித்ததாம். அவரை இறக்கிவிட்டார்கள். கண்டக்டர் உன்னிடம் வந்து, "தம்பி, உங்கப்பாவ எறக்கறாங்களே, நீயும் எறங்கலயா?" என்று கேட்டார். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். பஸ் கிளம்பிவிட்டது. நீ வீட்டுக்கு வந்து, அப்பா அடுத்த பஸ்ஸில் வருகிறார் என்று சொல்லிவிட்டு, நான் சுட்ட அதிரசம் நாலு தின்றாய். அவர் ஜூஜுவாடியிலிருந்து டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசலில் நின்றார். "பஸ் கெடைக்கல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கண்டக்டர் சொல்லித்தான் மறு வாரம் எனக்குத் தெரியும். அன்றைக்கே உன் காதைத் திருகியிருக்க வேண்டும். விட்டேன், இப்போது கார்டு வருகிறது.

சரி, காலுக்கு வருகிறேன். உன் அப்பா புத்தியில்லாமல் அவசரப்பட்டார் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்காமல் செய்கிறது. நீ ஏசியது உன் அப்பாவை இல்லை. என்னை. அது உனக்குத் தெரியாது. தெரியாமல் வைத்தது நாங்கள்.

நயா பைசா வந்த வருஷத்துக் கோடை. ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இரண்டு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஏரிக்குள்ளேயே பூட்டினோம். பறப்பதற்கு இல்லை. பறக்க உத்தரவு வேண்டும், எழுதிப் போட்டிருந்தோம், பதில் வரவில்லை. சும்மா தரையில் ஓட்டிப் பார்க்க. உன் அப்பா உள்ளே உட்கார்ந்தார். ஆச்சாரி முன்னால் நின்று விசிறியைக் கையால் சுற்றி என்ஜினைக் கிளப்பிவிட்டு, பின்னால் போய் வாலை ஒரு முறை பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்றால் "ஆச்சு" என்று கத்த வேண்டும். சக்கரங்களுக்கு முன்னால் முட்டுக்கல் வைத்துக் கயிறு கட்டியிருந்தது. "ஆச்சு" என்று கேட்டதும் நான் கயிற்றை இழுத்துக் கல்லை எடுக்க வேண்டும். கல் போனதைப் பார்த்து அவர் வேகம் கொடுப்பார். இதுதான் ஏற்பாடு. என்ஜின் கிளம்பியது. அப்பப்பா, அந்தச் சத்தத்தில் காது அடைத்துப்போயிற்று. ஆச்சாரி வாலுக்கு ஓடினார். வாலில் ஏறி இறங்கி மூக்கைத் தூக்கித் தாழ்த்துகிற பலகைக்குப் போகிற கம்பியில் ஒரு பின் போட வேண்டும். அதைப் போட மறந்திருந்தோம். அவர் அதைப் பார்த்துவிட்டார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினார்: "ஆகு! ஆகு!"

உனக்குத் தெலுங்கு தெரியும். ஆகு என்றால் நில் என்று அர்த்தம். எனக்குத் தெரியாது. ஊத்தங்கரையில் பிறந்தவள், ஓசூருக்கு வாழ்க்கைப்பட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பக்கத்து வீடு தெலுங்கு, எதிர்வீடு கன்னடம், சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவள் மூன்றும் பேசுவாள். நான் கற்றுக்கொள்ளமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். வேண்டியதை விரலால் காட்டி வாங்கிவந்தேன். எனக்கு அரவம்மா என்றே பேர் வைத்துவிட்டார்கள், தமிழச்சி என்று அர்த்தமாம். அதையும் பெருமையாக எடுத்துக்கொண்டேன். "இந்த ஊர்ல மூணு பாஷையும் ஒரே வாயிலதான் இருக்குது, கத்துக்கினா என்ன கொறஞ்சிடும்?" என்று உன் அப்பா கேட்காத நாள் இல்லை. ஆச்சாரி எங்களோடு தமிழ்தான் பேசுவார். ஆனால் பதறும்போது வாயில் வருவது தாய்ப்பாஷைதானே? அவர் ஆகு என்றார். என் தமிழ்க் காதுக்கு அது ஆகட்டும் என்றுதான் விழுந்தது. ஆச்சு என்று சொல்ல வேண்டியவர் ஆகு என்கிறார், எல்லாம் ஒன்றுதான் என்று கயிற்றை இழுத்தேன். அவர் இன்னும் பலமாகக் கத்தினார். நான் இன்னும் பலமாக இழுத்தேன்.

கல் போனதைப் பார்த்து உன் அப்பா வேகம் கொடுத்தார். அது ஓடியது. ஓட ஓட மூக்கு மேலே தூக்கியது. சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் வெயில் தெரிந்தது. கண்ணால் பார்த்தேன் மகனே, ஓர் ஆள் உயரம் எழும்பியது, நாங்கள் செய்த எலும்பும் நான் தைத்த துணியும். அவர் கீழே இறக்கப் பார்த்திருக்கிறார். பின் இல்லாத வால் எப்படிக் கேட்கும்? ஏரிக்கரையில் போய் விழுந்தது. சக்கரம் ஒரு பக்கம், வலது இறக்கை நுனி ஒரு பக்கம். நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது முழங்காலுக்குக் கீழே கால் வேறு திசையில் கிடக்கிறது, இந்த மனுஷன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறார். "எழும்புச்சி பாத்தியா? பாத்தியா நீ?" என்று கேட்டார். பின்னாலேயே வந்த ஆச்சாரி, "அம்மா, ஆகுன்னு கத்தனனே, ஆகுன்னா நில்லு" என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் அப்படியே சேற்று வெடிப்பில் உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு ஆச்சாரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரு கேட்டாலும் நாந்தான் அவசரப்பட்டன்னு சொல்லு. கயிறு பேச்சே எடுக்காத. ஊரு இவள உண்டு இல்லன்னு ஆக்கிடும்" என்றார். வண்டி வருவதற்குள் இதைச் சொல்லி முடித்தார்.

புருஷன் காலை ஒடித்தவள் என்ற பேர் எனக்கு வரக்கூடாது என்று, புத்தியில்லாதவன் என்ற பேரை அவர் வாங்கிக்கொண்டார். மூன்று மாதம் கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது வந்தவன் போனவனெல்லாம் புத்தி சொன்னான். நீயும் சொன்னாய். நான் பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. என்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்துக்கு உன்மேல் இருக்கிறது கால் பங்குகூட வராது. ஆனால் அந்தக் கால் பங்குக்கு நீ பாத்தியப்பட்டவன்தான். தெரியாமல் செய்தவள் நான். தெரிந்தே ஜன்னல் பக்கம் திரும்பியவன் நீ.

கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைக்கு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். சொல்கிறேன், ஒன்றே ஒன்று. அந்தப் பெண் வீட்டில் பாதிக் கன்னடம் பேசுவார்கள் என்று கேள்வி. நீ கன்னடத்தைத் தட்டுத் தடுமாறிப் பேசுகிறவன். அவள் பாஷையை ஒழுங்காகக் கற்றுக்கொள். கோபத்தில் அவள் வாயில் என்ன வரும், பயத்தில் என்ன வரும் என்று தெரிந்துகொள். நல்ல நேரத்தில் எல்லோரும் எல்லோருக்கும் புரிகிற மாதிரிதான் பேசுவார்கள். நான் இந்த மூன்று வருஷத்தில் தெலுங்கு கற்றுக்கொண்டுவிட்டேன். சந்தையில் இப்போது என்னை யாரும் ஏமாற்ற முடியாது. அரவம்மா என்று கூப்பிட்டால் அவர்கள் பாஷையிலேயே நாலு கொடுக்கிறேன். காலம் போன பிறகு கற்ற கல்வி, யாருக்கு என்ன லாபம்?

இந்த மாதம் முழுக்க ஆச்சாரி வலது இறக்கை நுனிக்குப் புது எலும்பு வைத்துக்கொண்டிருந்தார், உனக்குத் தெரியுமா? மறுபடி ஓட்டுவதற்கு இல்லை. உன் அப்பா இனி அந்தக் காலை வைத்துக்கொண்டு ஏறமாட்டார். முழுசாக நிற்க வேண்டும் என்று ஆசை, அவ்வளவுதான். என் மகன் விமான ஃபேக்டரியில் இருக்கிறான், சம்பந்தி வரும்போது ஒரு முறை ஷெட்டைத் திறந்து காட்டலாம் என்று என்னிடம் சொல்லிவைத்திருந்தார். அதற்காகத்தான் புது எலும்பு. அந்த நேரம் பார்த்து உன் கார்டு வந்தது.

பெண் வீட்டார் வரட்டும். என் வீட்டுக்கு வருகிறவர்களிடம் எதை மறைப்பது, எதைக் காட்டுவது என்று எனக்குத் தெரியும். கயிற்றை இழுத்தது யார் என்பதை அவர்கள் முன்னால் நானே சொல்லப் போகிறேன். உன் அப்பா தடுப்பார், கேட்கமாட்டேன். அதைக் கேட்டு அவர்கள் எழுந்து போனால் போகட்டும், வாசல் வரை வந்து வழியனுப்புவேன்.

நீ அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. உடைத்துத்தான் தீர வேண்டும் என்றால், குதிரின் அடியிலிருந்து ரம்பத்தை நானே எடுத்துத் தருகிறேன். அவர் கையால் வேண்டாம், உன் கையால் அறு. கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறது, அளவெடுக்கிற வேலைகூட உனக்கு இல்லை. உன் அப்பா ஒன்றும் சொல்லமாட்டார், அவர் என்றைக்குச் சொன்னார்? நான் வால் பக்கம் போய், அன்றைக்கு ஆச்சாரி நின்ற மாதிரி நிற்பேன். நின்று, நீ ரம்பத்தை வைக்கும்போது ஒரே ஒரு முறை "ஆகு" என்பேன். அன்றைக்கு எனக்கு அதன் அர்த்தம் தெரியாது. உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
கயிற்றை இழுத்த உன் அம்மா